சித்தேரி பஸ்ஸுக்கு ஒரு தீர்மானம்

மாணவர் பேரவையில் தீர்மானம் எழுதுகிறவருக்குச் சட்டம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பஸ் நேரம் தெரிந்திருக்க வேண்டும். தருமபுரி மாவட்டத்தில் ஒரு தாலுகா ஊரில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் எங்கள் கல்லூரி. மூன்றாமாண்டில் நான் பேரவைச் செயலாளர். எந்தச் சங்கத்திலாவது மினிட்ஸ் நோட்டை உங்கள் தலையில் கட்டியிருந்தால், என் நிலைமை உங்களுக்கு உடனே புரியும்.

நன்றி முதலில்

இது நான் பார்த்ததல்ல. எனக்கு முன்பு செயலாளராக இருந்த செல்வி அக்கா சொல்லிக் கேட்டது. எங்கள் பேரவையில் எதைக் கேட்பதானாலும் முதல் தீர்மானம் கல்லூரி முதல்வருக்கு நன்றி சொல்வதாக இருக்க வேண்டும். அக்கா காலத்தில் நூலகத்துக்கு ஃபேன் கேட்டார்கள். வழக்கப்படி, 'ஃபேன் வழங்கியமைக்கு நன்றி' என்பதை முதலில் நிறைவேற்றினார்கள். இரண்டாவது தாளில் ஃபேன் கேட்டார்கள். அலுவலகத்தில் முதல் தாளை மட்டும் படித்துவிட்டுக் கோப்பை மூடிவிட்டார்கள். அக்கா போய்க் கேட்டதற்கு எழுத்தர் சொன்னாராம்:

"நன்றின்னு எழுதிக் கையெழுத்தும் போட்டுட்டீங்களே கண்ணு. அப்புறம் என்ன, காத்து வரலைன்னு வந்து நிக்கறீங்க?"

எல்லோரும் ஆதரவு

பவித்ரா இரண்டாமாண்டு தாவரவியல் வகுப்பின் பிரதிநிதி. சித்தேரி மலையிலிருந்து வருகிறவள். கல்லூரி விடுவது நாலு மணிக்கு. அவள் ஊருக்குக் கடைசி பஸ் கிளம்புவதும் நாலு மணிக்கு. அதனால் மலைப் பிள்ளைகள் தினமும் கடைசி வகுப்பைப் பாதியில் விட்டு ஓடுவார்கள். பாதியில் போனால் அந்த வகுப்புக்கு ஆப்சென்ட். வருகை குறைந்ததால் இந்த செமஸ்டருக்கு ஹால் டிக்கெட் தரமாட்டோம் என்று அவளுக்கு எச்சரிக்கை வந்துவிட்டது. "ஒரு வருசம் போச்சுன்னா அப்பா மறுபடி அனுப்பமாட்டாருங்க அக்கா" என்றாள்.

கல்லூரியை அரை மணி முன்னதாக விடும்படி ஒரு தீர்மானம் எழுதினேன். முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் வேண்டும். முன்மொழிபவரை முதல்வர் தன் அறைக்குக் கூப்பிட்டு 'யார் தூண்டிவிட்டது?' என்று கேட்பார். வழிமொழிபவரை யாரும் கூப்பிடுவதில்லை. இது பேரவையில் பன்னிரண்டு பேருக்கும் தெரியும். கடைசியில் பவித்ராவே முன்மொழிகிறேன் என்றாள். அதுவரை தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த வணிகவியல் பிரதிநிதி சட்டென்று நிமிர்ந்தான்.

"எத்தனை தடவை வேணும்னாலும் நான் வழிமொழியறேங்க. முன்னாடி மட்டும் யாராச்சும் போயிருங்க!"

ஆஜர்

இனி நடந்தது என் தப்பு. பேரவைக் கூட்டம் எப்போதும் மூன்றரைக்குத்தான். நானும் பழைய சுற்றறிக்கையைப் பார்த்து அப்படியே எழுதினேன். ஏழு பேர் இல்லாவிட்டால் கோரம் கிடையாது, கூட்டம் செல்லாது. ஓட்டெடுப்புக்கு வருவதற்குள் மலைப் பிரதிநிதிகள் நாலு பேரும் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் போவதைப் பார்த்து, வேறு பஸ்ஸுக்குப் போக வேண்டிய இரண்டு பேரும் எழுந்தார்கள். மிச்சம் ஆறு. பஸ் பற்றிய தீர்மானம் பஸ்ஸால் மூன்று முறை ஒத்திவைக்கப்பட்டது.

மூன்றாவது முறை பேரவைத் தலைவர் மாதேஷ், பவித்ரா பெயரையும் வந்திருந்தோர் பட்டியலில் போடச் சொன்னான். தொப்பூர்க்காரன், கணவாயில் லாரி கவிழ்ந்து ரோடு அடைத்தால் அவனுக்கே பாதி நாள் போய்விடும், அதனால் எதற்கும் அவசரப்படுவான். எனக்குக் கை வரவில்லை. பவித்ரா அப்போது ஜன்னலுக்கு வெளியே, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் நிலையத்தைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தாள். பொய் எழுதமாட்டேன் என்றேன். மாதேஷ் எட்டிப் பார்த்தான்.

"அவங்க ஓடறதைப் பத்தித்தானே தீர்மானமே? ஓடறதையே ஆஜர்னு எழுதுங்க!"

ஜன்னல் சீட்டு

பிறகு மதிய உணவு நேரத்தில் கூட்டம் போட்டோம். டிபன் பாக்ஸ்களுக்கு நடுவே தீர்மானம் நிறைவேறியது. முதல்வர் பவித்ராவைக் கூப்பிட்டு, யார் தூண்டிவிட்டது என்று கேட்டாராம். அவள் "பஸ்ஸுங்க சார்" என்றாளாம். இரண்டு வாரத்தில் ஆணை வந்தது: மாணவர் கோரிக்கையை ஏற்று, கல்லூரி இனி மூன்றரைக்கு விடும். எல்லோரும் கை தட்டினார்கள். இரண்டாவது வரியை நான் அதற்குப் பிறகுதான் படித்தேன். முன்னதாக விடுவதால் முன்னதாகவே தொடங்கும். ஒன்பதரைக்குப் பதில் ஒன்பது மணிக்கு. காலையில் மலையிலிருந்து பஸ் வந்து சேருவது ஒன்பதே காலுக்கு.

ஆணையை எடுத்துக்கொண்டு பவித்ராவிடம் ஓடினேன். பவித்ராதான் எனக்கு ஆறுதல் சொன்னாள்:

"முன்ன கடைசி ஹவர் போச்சு, இப்ப முதல் ஹவர் போகுது, அவ்வளவுதாங்க அக்கா. சாயங்காலம் ஜன்னல் சீட்டாச்சும் கிடைக்குது."

நைட் ஹால்ட்

ஒரே விஷயத்தை ஒரே கல்வியாண்டில் இரண்டாவது முறை கொண்டுவரக் கூடாது என்பது பேரவை விதி. எனவே பஸ் டிப்போவுக்கு மனு எழுத உட்கார்ந்தேன். ராத்திரி அந்த பஸ் எங்கே நிற்கும் என்று பவித்ராவைக் கேட்டேன். அவள் ஊரிலேயேதான் நைட் ஹால்ட். டிரைவர் படுப்பது பள்ளிக்கூடத்துப் பக்கத்து அறையில். மழை வந்தால் அவருக்கு இவள் வீட்டிலிருந்துதான் களியும் குழம்பும் போகும். ஏன் இதைச் சொல்லவே இல்லை என்றேன். "தீர்மானத்துக்கு ஆள் கேட்டீங்க. டிரைவரைக் கேக்கலையேங்க அக்கா" என்றாள்.

அன்று சாயங்காலமே அவரிடம் பேசினாள். ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, மறுநாளிலிருந்து காலை பஸ்ஸை அரை மணி முன்னதாக எடுத்தார். அவர் சொன்னதை பவித்ரா என்னிடம் அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினாள்:

"இதுக்கா இத்தனை கூட்டம் போட்டீங்க? என்னைக் கேட்டிருந்தா, காலேஜை மாத்தாமலே சாயங்காலம் அரை மணி நின்னிருப்பேனே பாப்பா!"

வருகை தேறி, பவித்ராவுக்கு ஹால் டிக்கெட் வந்துவிட்டது. பஸ் நேரத்தை எழுத்திலும் மாற்றிவிட்டார்களா என்ற சந்தேகம் தீரட்டும் என்று பிறகு பஸ் நிலையத்து டைம் கீப்பரிடம் போய் விசாரித்தேன்: அவருடைய பதிவேட்டில் அந்த பஸ் வரும் நேரம் இன்றும் ஒன்பதே கால்தான், பவித்ரா முதல் வகுப்பில் எழுந்து 'உள்ளேன் ஐயா' சொல்லும்போது, பதிவேட்டின்படி அவள் இன்னும் மலை இறங்கிக்கொண்டிருக்கிறாள்.