மாமாவின் தொண்டை மூடிக்கொண்டது

ஆமாம், எழுபதுகளிலேயே அப்படி ஒரு மெஷின் இருந்தது.

பாலக்காட்டில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு வெளிநாட்டிலிருந்து யாரோ கொடுத்த பழைய மெஷின். முகத்தில் மாஸ்க்கை வைத்தால் நெஞ்சுக்குள் காற்றைத் தள்ளும். அடுத்த நொடி உறிஞ்சி இழுக்கும். இருமப் பலம் இல்லாதவருக்கு அதுதான் இருமல்.

என் மாமனாருக்கு அந்தப் பலம் போயிருந்தது. நரம்பு நோய். முதலில் கை, பிறகு பேச்சு, பிறகு இருமல்.

மறுநாளுக்குள் சளி வெளியே வராவிட்டால் கழுத்தில் துளை போடவேண்டும் என்றார் டாக்டர். மாமா வேண்டாமென்று தலையை அசைத்தார்.

பக்கத்தில் எங்கள் ஊர் சித்தூரில் கதிரறுப்பு. கணவரால் வயலை விட்டு வரமுடியவில்லை. மாஸ்க் பிடிக்கும் வேலை எனக்கு வந்தது. எம்.ஏ. முடித்து, கல்யாணமாகி ஒரு வருடம்.

வீட்டில் மாமா வாசலிலேயே ஒருமுறை செருமிவிட்டுத்தான் உள்ளே வருவார். நான் எழுந்து சமையலறைக்குள் போவதற்கு அது அறிவிப்பு. என் முகம் பார்த்து அவர் பேசியதில்லை.

அந்த மனிதரின் தாடையை நான் பிடிக்கவேண்டும்.

காற்று போனது. மெஷினில் அழுத்தம் காட்டும் முள் ஏறியது. நெஞ்சு எழவில்லை. தொண்டையில் க்ளக் என்று ஒரு சத்தம். மூடிக்கொண்டது.

மறுபடி வைத்தேன். மறுபடி மூடிக்கொண்டது.

எனக்கு உடனே எல்லாம் புரிந்துவிட்டது. (நிறையப் படித்தவளுக்கு எல்லாம் சீக்கிரம் புரியும்.) மருமகள் கை பட்டதால் வந்த மறுப்பு. பழைய வீம்பு. என்னை வெளியே போகச் சொல்கிறார்.

அழுத்தத்தைக் கூட்டினேன்.

வார்டில் எட்டுப் பேர் இருந்தார்கள். அவர்கள் காதில் விழும்படியே சொன்னேன்.

"மாமா, இது ஊடு இல்லீங்க. இங்க வந்து மாமனார் மருமகள்னு பாத்தா உசுருதான் போகும். வீம்பு பண்ணாம தொண்டையத் தொறங்க."

அவர் கண்ணில் நீர் வழிந்தது. வெட்கம் என்று நினைத்தேன். கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது. இந்த ஒரு வரியை எழுதத்தான் இத்தனை வருடம் ஆனது.

பிசியோதெரபிஸ்ட் லீலா, கொழிஞ்சாம்பாறைக்காரர். மாமா ஒத்துழைக்கவில்லை என்று அவரிடம் புகார் சொன்னேன். லீலா முள்ளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வேறொரு மாஸ்க்கை மாட்டி என் முகத்தில் வைத்தார்.

"தொண்டையத் தொறந்தே வெச்சிருங்க அம்மிணி. மூடக் கூடாது."

முழு மனதோடு திறந்து வைத்தேன்.

காற்று வந்து அடித்தது. க்ளக். அதைச் செய்தது நான் இல்லை. மூச்சு நின்றது. கண்ணில் நீர் வந்தது. அதற்கும் வெட்கத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

"எம்.ஏ. தொண்டையும் மூடிக்கிச்சுங்களே," என்றார் லீலா. "இப்படித் தள்ளுனா எந்தத் தொண்டையும் சாத்திக்கும். இவருக்கு அங்க பலம் கம்மி, இன்னுஞ் சீக்கிரம் சாத்திக்குது. நீங்க யாருன்னெல்லாம் அதுக்குத் தெரியாதுங்க."

பக்கத்துக் கட்டிலில் யாரோ சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. (அதுதான் தாங்க முடியவில்லை.)

லீலா அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்தார். மாமா தானாக மூச்சிழுக்கத் தொடங்கும்போது மட்டும் காற்றை விடவேண்டும், அவசரப்படுத்தக் கூடாது என்று காட்டிக்கொடுத்தார்.

மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். மாமா கண்ணால் மாஸ்க்கைக் காட்டினார்.

அவர் மூச்சுக்காகக் காத்திருந்தேன். மெதுவாக வைத்தேன். நெஞ்சு எழுந்தது. நாலாவது முறையில் சளி வந்தது.

ஈரத்துணியை எடுத்து அவர் வாயைத் துடைத்துவிட்டேன்.