வடகத்தில் ஒட்டிய முடி

பன்றியை விரட்டப் போய், நானே வீட்டைவிட்டு விரட்டப்படப் பார்த்த முட்டாள்தனத்தை முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

காரமடைக்குப் பக்கம் எங்கள் வீடு. காட்டுப்பன்றிகள் தினமும் புகுந்து மரவள்ளியைக் கிளறி, கழிவுநீர்க் குழாயையும் பெயர்த்துப் போட்டன. மோப்பம் பிடிக்கும் மூக்கில் முடி ஏறினால் பன்றி திரும்பிவிடும் என்றார்கள். சலூனிலிருந்து ஒரு மூட்டை முடி வாங்கி வந்து வேலியோரம் தூவினேன். பாலக்காட்டுக் காற்று வீசும் காலம் என்பது உறைக்கவில்லை. மாடியில் மனைவி அப்போதுதான் பிழிந்து வைத்திருந்த வடகத்தில் அத்தனை முடியும் போய் ஒட்டிக்கொண்டது.

“பன்னி மரவள்ளியத்தான் தின்னுச்சு. நீங்க வருசத்து வடகத்தையே நாசம் பண்ணிப்போட்டீங்க!” என்று முறத்தை என் மேல் வீசினாள். மூன்று நாள் பேச்சில்லை.

இப்போது முடியை ஈரமண்ணோடு பிசைந்துதான் போடுகிறேன். “பன்னி வாரதே இல்லை, பாத்தியா அம்மணி?” என்று நேற்று பெருமையடித்தேன்.

“உங்க மூஞ்சியப் பாத்திருக்குமுங்க.”