வேலியோரம் நான் நின்ற மதியங்கள்

அன்று ஏழாம் வகுப்பறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், என் வூட்டுக்காரர், மகள் செல்வி, அவளுடைய டீச்சர். ஒரு மாதமாக வயிற்றுவலி என்று சொல்லி, காலையில் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று செல்வி அழுதாள். மந்திரித்தும் பார்த்தாச்சு, தர்மபுரி ஆஸ்பத்திரிக்கும் போயாச்சு.

"பேரை வெட்டிடுங்க டீச்சர், ஆடு மேய்க்கட்டும்" என்றார் அவர். எனக்குப் பதறியது, நான் ஐந்தாவதோடு நின்றவள்.

டீச்சர் செல்வியிடம் எதைக் கேட்டாலும் நானே முந்திக்கொண்டு பதில் சொன்னேன்.

"ஏங்கம்மா, வலி அவளுக்கா, உங்களுக்கா? ரெண்டு பேரும் கொஞ்சம் வெளியே இருங்க."

அரை மணி கழித்துக் கூப்பிட்டு, "நீயே சொல்லு கண்ணு" என்றார் செல்வியிடம்.

"தெனமும் சாப்பாட்டு மணிக்கு வேலியோரம் வந்து நின்னு, சாப்ட்டியா சாப்ட்டியான்னு கத்தற. புள்ளைங்க எல்லாம் என்னைப் பால்குடின்னு கூப்பிடறாங்கம்மா."

எனக்கு ஆத்திரமாக வந்தது. இத்தனை அலைச்சலும் என்னாலேயா? "பக்கத்துலயே இருந்த எங்கிட்ட ஏண்டி சொல்லல?"

"நீ எங்க கேட்ட? நீயேதான பேசிக்கிட்டு இருந்த."

என் வூட்டுக்காரர் வெளியே போய்ச் சைக்கிளை எடுத்தார். செல்வியின் பேர் ரிஜிஸ்டரிலேயே இருந்தது.

இப்போது மதிய மணி கேட்டால் மனசு அடித்துக்கொள்கிறது. ஆனாலும் நான் வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை. சாயங்காலம் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு, அவளாகப் பேசும்வரை சும்மா இருக்கிறேன். அப்படி இருப்பதுதான் பெரும்பாடாக இருக்கிறது.