கரண்டியில் நிற்கும் கஞ்சி

அக்கா மகளுக்கு மூன்று வயது. வைரஸ் காய்ச்சல் நுரையீரலில் இறங்கி, ஒன்பது நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். குழந்தைகள் வார்டுக்கு வந்தபோது எடை ஒன்பது கிலோ நானூறு கிராம். மூக்கில் போட்டிருந்த உணவுக் குழாயை எடுத்துவிட்டார்கள். ஆனால் டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: வாயால் சாப்பிட்டு நான்கு நாளில் எடை ஏறவில்லையென்றால் மறுபடியும் குழாய். முதல் தடவை குழாய் போடும்போது குழந்தையின் கைகளை அழுத்திப் பிடித்திருந்தவள் அக்காதான். டாக்டர் போனபிறகும் கட்டில் கம்பியை விடாமல் நின்றாள்.

எனக்கு அம்பத்தூரில் ஒரு பெயிண்ட் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலை. எனக்குத் தெரிந்த உதவி அட்டவணை போடுவது. நீள நோட்டில் கட்டம் கட்டினேன்: நேரம், கஞ்சி எத்தனை மில்லி, வாந்தி, பேதி, காலை எடை. பொட்டுக்கடலை மாவு, பால் பவுடர், சர்க்கரை, தேங்காய் எண்ணெய் சேர்த்து ஆஸ்பத்திரியிலேயே கஞ்சி காய்ச்சித் தருவார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நூறு மில்லி. ஷிப்ட் முடிந்து பஸ் பிடித்துப் போனதும் முதலில் நோட்டைத்தான் புரட்டுவேன்.

பக்கத்துக் கட்டில் குழந்தையின் அம்மா அக்காவிடம் சொன்னாள்: "உன் தங்கச்சி கொயந்தைய பாக்க வர்ல. நோட்ட பாக்கத்தான் ஓடியாறா."

எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன. எடை மட்டும் இறங்கியது. இரண்டே நாளில் தொண்ணூறு கிராம்.

மூன்றாம் நாள் லீவு போட்டுக் காலையிலேயே போனேன். அக்கா ஊட்டிக்கொண்டிருந்தாள். குழந்தையின் வாய்க்குப் போவதற்குள் கஞ்சி கரண்டியின் விளிம்பில் வழிந்தது. சோதனைக்கூடத்தில், அடியில் ஓட்டை போட்ட கிண்ணத்தில் பெயிண்டை ஊற்றி, எத்தனை விநாடியில் வடிகிறது என்று பார்ப்போம். பெயிண்டை நீர்க்க வைக்கும் தின்னர் அதிகம் கலந்தது அவசரமாக ஓடிவிடும். டிரம் நிறைந்துதான் இருக்கும். சுவரில் பூசினால் நிறம் பிடிக்காது.

"அக்கா, இதுல இன்னா கலந்த?"

"சுடுதண்ணிதான். பாதிக்குப் பாதி."

"ஏன்க்கா?"

"எண்ண ஊத்திக் கெட்டியா காச்சிக் குடுக்குறாங்கடி. நெஞ்சுல சளி கட்டிக்காது? இப்பதான் நல்லா மூச்சு உட்டுகினு கீது."

அவள் பொய் எழுதவில்லை. நான் கேட்டது எத்தனை மில்லி என்று, அதை எழுதினாள். எவ்வளவு கெட்டி என்று கேட்க என் நோட்டில் கட்டமே இல்லை. தினமும் வேலையில் பார்ப்பதை இங்கே பார்க்கத் தவறியது நான்.

உணவு ஆலோசகரைக் கூட்டிவந்தேன். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "எண்ணெய் வயித்துக்குப் போவுது, நெஞ்சுக்கு இல்ல. மூச்சு விடறதுக்கே பாப்பாவுக்குத் தெம்பு வேணும்மா."

"இருமல் வந்தா?"

"என்னைக் கூப்பிடு. நான் இங்கதான் இருக்கேன்."

அக்காவுக்குப் பயம் போகவில்லை. இருந்தாலும் தண்ணீர் கலக்காத கஞ்சியை ஒரு கரண்டி வைத்தாள். குழந்தை ஒருமுறை இருமினாள். நாங்கள் மூவரும் அசையவில்லை. பிறகு முகத்தைச் சுளித்து விழுங்கினாள்.

கெட்டிக் கஞ்சி சுலபமாக இறங்கவில்லை. "வோணாம்" என்று துப்பினாள். நூறு மில்லிக்கு முக்கால் மணி நேரம் ஆனது. துப்பியதைத் துடைத்துவிட்டு அக்கா அடுத்த கரண்டி எடுத்தாள். அவள் கை வலித்தபோது நான் வாங்கிக்கொண்டேன்.

நான்காம் நாள் எடை ஏறவில்லை. இறங்கவும் இல்லை. டாக்டரிடம் நோட்டைக் காட்டி, தண்ணீர் கலந்த நாட்களைச் சொன்னேன். இன்னும் ஒரு நாள் பார்க்கலாம் என்றார். ஐந்தாம் நாள் காலை அறுபது கிராம் கூடியிருந்தது. குழாய் வேண்டாம் என்று எழுதிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் நான் போனபோது நோட்டில் புதிதாக ஒரு கட்டம் இருந்தது. ஸ்கேல் வைக்காமல் போட்ட கோணல் கோடு, அக்காவின் கையெழுத்து: "கரண்டில நிக்குதா". கீழே வரிசையாக டிக்.

"இன்னா, இப்ப அக்காவும் நோட்டு புடிச்சிகிச்சா?" என்றாள் பக்கத்துக் கட்டில் அம்மா.

அக்கா திரும்பவில்லை. "சும்மா இரேன்க்கா, கஞ்சி ஆறுது."