பாம்புச்செவிக்காரரின் புது மீட்டர்

அந்த மலைச்சாலையில் ஜீப் ஓட்டுகிறவருக்கு ஊர் வைத்த பெயர் பாம்புச்செவி. பெற்றவர்கள் வைத்த பெயரைக் கேட்டால் டீக்கடைக்காரரே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்.

லாரியில் கிளீனராக இருந்த காலத்திலேயே, ஓடுகிற வண்டியில் எந்த டயரில் காற்று இறங்குகிறது என்று காதாலேயே கண்டுபிடித்துவிடுவார். பிறகு ராணுவம் கழித்துக்கட்டிய பழைய ஜீப் ஒன்றை ஏலத்தில் எடுத்து, மலைமேல் குடியிருப்புக்கும் கீழே டவுனுக்கும் ஆள் ஏற்ற ஆரம்பித்தார். வாங்கிய அன்றே அதன் ஸ்பீடாமீட்டர் முள் செத்துக் கிடந்தது. வண்டி நின்றாலும் பறந்தாலும் ஒரே இடம். புதிதாக ஏறுகிறவர் யாராவது, "மீட்டர் ஓடலையேண்ணே?" என்று கேட்டால், ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துத் தன் காதைத் தொட்டுக் காட்டுவார்.

"இது ஓடுதுல்ல. அது எதுக்கு?"

அது வெறும் வாய்ச்சவடால் இல்லை. எஞ்சின் முனகுவதையும் கியர்பாக்ஸ் இழுப்பதையும் டயருக்கடியில் சரளை நொறுங்குவதையும் வைத்தே வண்டியை அளந்து இறக்குவார். அத்தனை வருஷத்தில் ஒருவருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

அந்தக் காதுதான் அவரை விட்டுப் போக ஆரம்பித்தது. ஒரேயடியாகப் போயிருந்தால் ஊருக்கே தெரிந்திருக்கும். யாரோ மறைந்திருந்து ரேடியோவைத் திருகிக் குறைப்பது போல, கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. முதலில் குருவிச் சத்தம் நின்றது. பிறகு குழாய் சொட்டுவது. அப்புறம் சமையலறையிலிருந்து மனைவி பேசுவது. எதற்கும் "ம்" கொட்டிச் சமாளித்தார்.

"உங்க அக்கா போன் பண்ணாங்க. அவங்க இங்க வரவா, இல்ல நாம அங்க போறமான்னு கேக்குறாங்க."

"ம்."

"எந்த ம்முங்க?"

வயது ஏற ஏற மனிதருக்குத் திமிரும் ஏறிவிட்டது என்று அவள் முடிவுகட்டிக்கொண்டாள். அவரும் அப்படியே விட்டுவிட்டார். திமிர் பிடித்தவன் என்ற பேரைத் தாங்கிக்கொள்ளலாம். பாம்புச்செவி என்று பேர் வாங்கியவன் செவிடன் என்று எந்த முகத்தோடு சொல்வது?

ஒருநாள் காலி வண்டியோடு இறங்கும்போது, தலையில் விறகுச் சுமையோடு வந்த பெண் ஒருத்தி அவர் ஜீப்பைக் கண்டதும் சுமையைப் போட்டுவிட்டுப் பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டாள். கண்ணாடியில் பார்த்தார். அவள் கையை ஓங்கித் திட்டிக்கொண்டிருந்தாள். அப்போதுதான், இரண்டாவது கியரில் வரவேண்டிய வளைவில் தான் மூன்றாவதில் வந்திருப்பது அவருக்கு உறைத்தது. எஞ்சின் கத்தியிருக்கும். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்தார்.

ஓட்டுவதை விட்டுவிட வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை. மீட்டர் போட வேண்டும் என்றுதான் தோன்றியது.

பழைய வண்டிகளை உடைக்கிற பட்டறையில் மனைவியின் தம்பி வேலை பார்த்தான். அவனிடம் சொல்லி வைத்தார்.

"என்ன மாமா திடீர்னு? காதுக்கு லீவு குடுத்துட்டீங்களா?" என்று அவன் சிரித்தான்.

அவருக்குச் சுரீரென்றது. "சும்மா இருப்பா. செக்கிங்ல புடிக்கிறானுங்களாம்" என்று ஒரு பொய்யைச் சொல்லி வாயை அடைத்தார்.

விடுமுறை நாளாகப் பார்த்து அவன் கொண்டுவந்தான். ஜீப்பின் டாஷ்போர்டுத் துவாரத்தில் அச்சாகப் பொருந்துகிற வட்ட மீட்டர். கண்ணாடி மங்கல், உள்ளே அடியில் துருக்கறை. ஆனால் எண்கள் தெளிவாகத் தெரிந்தன. கூடவே ஒரு கேபிள்.

வேலையை அவரே செய்தார். பேட்டரி வயரைக் கழற்றினார். ஸ்டியரிங்குக்கு அடியில் மல்லாந்து படுத்து, தலையை உள்ளே விட்டு, பழைய மீட்டரின் முதுகிலிருந்த நட்டைத் திருகினார். அது அசைவேனா என்றது. எண்ணெய் விட்டுக் காத்திருந்து மறுபடி திருகியதும் துருப்பொடி கண்ணில் கொட்டியது. பழைய கேபிளை உருவினால் உள்கம்பி பாதியிலேயே அறுந்து வந்தது. புதுக் கேபிளைத் தரை ஓட்டை வழியாக இறக்கி, வண்டிக்கடியில் தவழ்ந்து போய் கியர்பாக்ஸில் மாட்டினார். திரும்பி வந்து மேல்முனையின் சதுர நுனியை மீட்டரின் முதுகில் நுழைக்கும்போது காலில் யாரோ எட்டி உதைத்தது தெரிந்தது.

மனைவி டீயோடு நின்றுகொண்டிருந்தாள்.

"எத்தனை தடவைங்க கூப்புடுறது? பக்கத்து வீட்டுக்காரங்களே எட்டிப் பாத்துட்டாங்க!"

"உள்ள தலையை விட்டுட்டு இருக்கேன்ல, எப்படிக் கேக்கும்?" என்று எரிந்து விழுந்தார். அவள் டீயைப் பானெட்மேல் வைத்துவிட்டுப் போனாள். போகிற நடையிலேயே கோபம் தெரிந்தது.

மச்சினனை ஏற்றிக்கொண்டு பள்ளி மைதானத்தைச் சுற்றி ஓட்டிப் பார்த்தார். முள் துள்ளியது, நடுங்கியது, பிறகு நிதானமாக ஏறி நின்றது. பிரேக் பிடித்தால் இறங்கியது. இனிக் காதைக் கெஞ்ச வேண்டாம், கண் போதும். வளைவில் முப்பதைத் தாண்டக் கூடாது என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டார். இத்தனை காலம் எண்ணே பார்க்காமல் ஓட்டியவருக்கு, எந்த எண்ணில் வண்டி எப்படி ஓடும் என்பது தெரிந்திருக்க நியாயமில்லை.

மறுநாள் காலை ஜீப் நிறைய ஆள். முன்னால், மலைமேல் சுகாதார நிலையத்தின் நர்ஸம்மா, மடியில் மருந்துப் பெட்டியோடு. பின்னால், டவுன் பள்ளிக்குப் போகிற இரண்டு டீச்சர்கள். அவர்களுக்கு நடுவில் மனைவி, பல்வலிக்குக் காட்டக் கிளம்பியிருந்தாள்.

இறக்கம் ஆரம்பித்தது. முள் முப்பதுக்குச் சற்றுக் கீழே நின்றது. அவர் கண் சாலைக்கும் முள்ளுக்குமாக ஓடிக்கொண்டிருந்தது.

உடம்பு ஏதோ சொல்லத்தான் செய்தது. முதல் வளைவில் இடுப்பு கதவோடு போய் இடித்தது. சட்டைக் காலர் காற்றில் படபடத்தது. நர்ஸம்மாவின் பெட்டி மடியிலிருந்து நழுவப் பார்த்தது. ஆனால் முள் முப்பதைத் தொடவே இல்லை. புது மீட்டர் என்றால் புதுப் பழக்கம், அதுதான் வேகமாகத் தெரிகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

நர்ஸம்மா அவர் பக்கம் திரும்பி என்னவோ சொன்னார். மழை வரும்போலிருக்கிறது என்கிறார் போல என்று நினைத்து, "ம், ம்" என்று தலையாட்டினார். கொஞ்சம் மெதுவாகப் போகலாமே என்று அவர் கெஞ்சியது பிற்பாடுதான் தெரிந்தது.

நான்காவது வளைவு கண்ணுக்கு மறைவான வளைவு. பாறை முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். எதிரே வருவதைக் காதுதான் சொல்ல வேண்டும். பின்னாலிருந்து மனைவி, "ஏங்க, லாரி! லாரி வருதுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். அவர் அந்த நேரத்தில் முள்ளைப் பார்த்தார். முப்பது. சரியாகத்தான் போகிறோம் என்று நினைத்து நிமிர்ந்தார்.

சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு கல் லாரி எதிரே வந்துவிட்டிருந்தது.

பிரேக்கை மிதித்ததும் டயர் பிடி விட்டுச் சரளையில் வழுக்கியது. ஒரு பக்கம் பள்ளத்தாக்கு, அங்கே நிறைய இடம் காலியாக இருந்தது. இன்னொரு பக்கம் பாறையும் சாக்கடையும். அவர் பாறைப் பக்கம் ஒடித்தார். முன்சக்கரம் சாக்கடையில் தொப்பென்று விழுந்தது. ஜீப்பின் விலா பாறையில் உரசிக்கொண்டே போய், சாய்ந்தபடி நின்றது. லாரியின் பம்பருக்கும் டீச்சர் ஒருவரின் முழங்கைக்கும் நடுவில் ஒரு கை நுழைகிற இடம் மிச்சமிருந்தது.

எல்லோர் வாயும் திறந்திருந்ததை அவர் பார்த்தார். யாரோ அழுதார்கள். நர்ஸம்மாவின் புருவத்திலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

லாரி டிரைவர் குதித்து ஓடிவந்தார். அந்த ஆளின் குரல் இவருக்கே கேட்டது, அத்தனை சத்தம். "யோவ், ஆளை ஏத்திக்கிட்டு இப்படியா வருவ? கண்ணு மண்ணு தெரியலயா?"

"முப்பதுலதாங்க வந்தேன். சத்தியமா. மீட்டர் பாத்துக்கிட்டுத்தான் வந்தேன்."

"முப்பதா! எங்க காட்டு உன் மீட்டரை." லாரி டிரைவர் தலையை உள்ளே நீட்டி, கட்டைவிரலால் மங்கல் கண்ணாடியைத் துடைத்து, துருக்கறைக்கு அருகில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அடப்பாவி, இது மைல் மீட்டர்யா. இதுல முப்பதுன்னா கிட்டத்தட்ட அம்பது கிலோமீட்டர். இந்த இறக்கத்துல அம்பது!"

லாரி டிரைவர் விடவில்லை. "சரி, மீட்டர்தான் ஏமாத்துச்சு. எஞ்சின் அலறுறது கேக்கலயா? கீழேர்ந்து ஹாரன்ல வச்ச கையை எடுக்காம ஏறி வர்றேன், அதுவுமா கேக்கல?"

நர்ஸம்மா கைக்குட்டையைப் புருவத்தில் அழுத்தியபடி அவரையே பார்த்தார். தூங்கிட்டேன் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அதுகூடக் கௌரவமாகத்தான் பட்டது.

"கேக்கல," என்றார். "எனக்குக் காது கேக்கல."

மனைவி பின்னாலிருந்து இறங்கி, சுற்றிக்கொண்டு வந்து, அவருக்கு முன்னால் நின்றாள்.

"எவ்வளவு நாளா?"

"மழைக்காலத்துக்கு முன்னாலேர்ந்தே."

"அப்ப நான் பேசினது?"

"பாதி கேக்கும்."

"எந்தப் பாதி?" என்று கேட்டவளுக்கு உதடு துடித்தது. பிறகு கையை நீட்டிச் சாவியை உருவி, முந்தானையில் முடிந்துகொண்டாள். லாரி டிரைவரின் போனை வாங்கித் தம்பிக்குச் சொன்னாள். மச்சினன் பட்டறை வண்டியோடு வந்து ஜீப்பைக் கட்டி இழுத்தான். சின்னக் குழந்தை மாதிரி விசும்பினான். "அடியில என்ன போட்டிருக்குன்னு நான் பாக்கலயே மாமா."

"நானும்தான் பாக்கலப்பா. சும்மா இரு."

டவுன் ஆஸ்பத்திரியில் நர்ஸம்மாவுக்குத் தையல் போட வேண்டியிருந்தது. கட்டோடு வெளியே வந்தவர், நேராக அவரைக் காது டாக்டரிடம் அழைத்துப் போனார். நரம்பு தேய்ந்துவிட்டது, போனது திரும்பாது, காதில் மாட்டுகிற மெஷினால் ஓரளவு சமாளிக்கலாம் என்றார் டாக்டர். எஞ்சின் சத்தத்திலேயே இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்ததும் ஒரு காரணமாம். எதைக் கேட்டுப் பேர் வாங்கினாரோ அதுவே காதைத் தின்றிருக்கிறது.

திரும்பும்போது நர்ஸம்மா ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். "உங்க மேல எனக்குக் கோவம்தான். மெதுவா போங்கன்னேன், நீங்க தலையாட்டுனீங்க. இனி நீங்க ஓட்டினா நான் ஏற மாட்டேன். உங்க மச்சினர் ஓட்டினா ஏறுவேன்."

அவர் மறுக்கவில்லை. பட்டறைக்குப் போகுமுன் காலை நடையை மச்சினன் ஓட்டினான். டீச்சர்களில் ஒருவர் மட்டும் வந்தார், மற்றவர் வீட்டையே டவுனுக்கு மாற்றிக்கொண்டார். மெஷின் வந்த பிறகும் வெகுகாலம் அவர் ஆள் ஏற்றவில்லை. சிமெண்டு மூட்டையும் காய்கறிக் கூடையும் ஏற்றினார். பக்கத்தில் மனைவி உட்கார்ந்து வந்தாள். மைல் மீட்டரைக் கழற்றிவிட்டுக் கிலோமீட்டர் காட்டுகிற ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டினார். மாட்டிய கையோடு, சாலையோரக் கிலோமீட்டர் கற்களையும் மனைவியின் கைக்கடிகாரத்தையும் வைத்து, அது சொல்வது சரிதானா என்று சமதரையில் பலமுறை ஓட்டிப் பார்த்தார். "போதுங்க, மயக்கமா வருது" என்று அவள் சொன்ன பிறகும் இன்னொரு தரம் ஓட்டினார்.

மறுபடி மழைக்காலம் வந்தபோது மச்சினன் காய்ச்சலில் படுத்துவிட்டான். காலையில் ஜீப்பை எடுத்துக்கொண்டு அவரே நிறுத்தத்துக்கு வந்தார். ஏறச் சொல்வதற்காக வரவில்லை, வண்டி வராது என்று சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தார். நர்ஸம்மா பெட்டியோடு நின்றிருந்தார். புருவத்தில் தையல் தழும்பு வெளுத்துத் தெரிந்தது. கீழே மருத்துவ முகாம் இருந்தது, போயே ஆக வேண்டிய நாள்.

அவர் விஷயத்தைச் சொன்னார். நர்ஸம்மா அவர் காதிலிருந்த மெஷினைப் பார்த்தார். சாலையைப் பார்த்தார்.

"நாலாவது வளைவை எப்படி இறக்குவீங்க?"

"ரெண்டாவது கியர்ல. நின்னு, ஹாரன் அடிச்சு, பதிலுக்கு ஒண்ணும் கேக்கலன்னா இறங்கி நடந்து போயி எட்டிப் பாத்துட்டு வந்து எடுப்பேன்."

"தினமும் அப்படித்தானா?"

"சிமெண்டு மூட்டைக்கே அப்படித்தாம்மா."

நர்ஸம்மா ஏறி உட்கார்ந்தார். நாலாவது வளைவில் அவர் இறங்கி நடந்து போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பும்வரை, பெட்டியை இரண்டு கையாலும் அணைத்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். முகாம் வாசலில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்துகொண்டே, "சாயங்காலம் நாலு மணிக்கு வந்துருங்க" என்றார்.

"சரிங்கம்மா," என்று அவர் பதில் சொன்னார்.