ஆட்டோவுக்குள் ஒரு வாசிப்புத் தேர்வு

பிள்ளைகள் வாசிப்பதைக் கைபேசியே கேட்டு மதிப்பிடுமாம். ஆசிரியருக்கு எதில் பயிற்சி வேண்டும் என்றும் சொல்லுமாம். கல்வித்துறை ஒரு மென்பொருள் நிறுவனத்தோடு சேர்ந்து செய்த அந்தச் செயலி, அடுத்த மாதம் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கும் வருகிறது. எனக்கு நம்பிக்கை இல்லை. ஏற்கெனவே அது வந்துவிட்ட ஒரு பள்ளியில் நேரில் பார்த்துவிடலாம் என்று போன வியாழக்கிழமை மதுரையிலிருந்து கிளம்பினேன்.

காலை 6.10 பேருந்து, 8.15-க்கு ஸ்ரீவில்லிபுத்தூர். அரைக் கிலோ பால்கோவா வாங்கினேன் (காரணமெல்லாம் கேட்கக் கூடாது). அங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் ராஜபாளையம். பிறகு ஆட்டோவில் சோழபுரம் பக்கத்துப் பள்ளி. போக, வர, காத்திருக்க 450 ரூபாய். ஓட்டுநர் முருகேசன்.

மூன்றாம் வகுப்பு ஆசிரியை மகேஸ்வரியின் முகம் வாடியிருந்தது. செயலியில் தேர்வு வைத்த இரண்டு முறையும் வகுப்பு முழுவதற்கும் ‘எழுத்து நிலை’ (எழுத்து மட்டும்தான் தெரியும்) என்றே வந்திருக்கிறது. அன்று மாலைக்குள் மறுதேர்வில் தேறாவிட்டால் எல்லாரும் மறுபடி அ, ஆ-விலிருந்து தொடங்க வேண்டும்.

“நல்லா வாசிக்குதுக சார். போனுக்குத்தான் கேக்க மாட்டேங்குது.”

முத்துலட்சுமி என்ற சிறுமி எழுந்து கைபேசிக்கு முன்னால் வாசித்தாள். இரண்டாவது வரியிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. வகுப்பே சேர்ந்து வாசித்தது! ஒருத்தி எழுந்தால் மற்றவர்கள் துணைக்கு வாசிப்பது இங்கே வழக்கம். மகேஸ்வரிக்கு அது பழகிப்போன சத்தம், காதிலேயே விழவில்லை. அதட்டியதும் மெதுவாக வாசித்தார்கள், அவ்வளவுதான். வராந்தாவுக்குக் கூட்டிப்போனால் சன்னல் வழியே துணை வந்தது.

வாசலில் நின்ற முருகேசன், “ஆட்டோவுல உக்கார வைங்க டீச்சர். செத்த தள்ளி நிப்பாட்டுதேன்” என்றார்.

வகுப்பை மகேஸ்வரி பார்த்துக்கொள்ள, புளியமரத்தடியில் ஆட்டோவுக்குள் ஒவ்வொரு பிள்ளையாக நான் வாசிக்கவைத்தேன். யாராவது திணறினால் உதவிவிடாமல் இருக்க முருகேசன் தன் வாயைப் பொத்திக்கொண்டார். பத்தொன்பது பேரில் பதினாறு பேருக்குக் கதையே வாசிக்கும் ‘கதை நிலை’! மகேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். எனக்கும் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. நிறுவனத்துப் பொறியாளரைக் கூப்பிட்டுச் சொன்னோம். அடுத்த பயிற்சியில் இதை மகேஸ்வரியே விளக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

போகிறவர்கள் தலைமையாசிரியரிடம் முன்பே அனுமதி வாங்குங்கள். பால்கோவாவைத் தேர்வு முடிந்த பிறகு கொடுங்கள்; வாய் நிறைய வைத்துக்கொண்டு வாசிக்க முடியாது. செயலியைத் திட்டத்தான் போனேன். திட்டாமல் திரும்பியதற்குக் காரணம் ஆட்டோவிலும் தேறாத அந்த மீதி மூன்று பேர்.

“இம்புட்டு நாளும் கூட்டத்தோட வாயசைச்சிருக்குதுக சார். நான் கவனிக்கவே இல்ல” என்றார் மகேஸ்வரி.

“டீச்சர், இனி சேந்து வாசிக்கலாமா?” என்று கேட்டாள் முத்துலட்சுமி.

“வாசிங்க” என்றவர், அந்த மூவரையும் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, அவர்கள் வாயருகே காதைக் கொண்டுபோனார்.