எட்டாவது வளையம்

அன்று பின்னேரம், அஸர் தொழுகைக்குச் சற்று முன், எங்கள் முன்னறையில் ஐந்து பேர் இருந்தோம். வாப்பா, உம்மாவின் தம்பியான மாமா, நான். எதிரே, வயலுக்கும் எருமைத் தயிருக்கும் பேர்போன இறக்காமத்திலிருந்து வந்த மாப்பிள்ளையின் தகப்பனும் அவருடைய மருமகனும். மாப்பிள்ளை வரவில்லை, வருவது வழக்கமுமில்லை. உம்மாவும் என் அக்காவான ராத்தாவும் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றார்கள். எங்கள் அண்ணனான காக்கா சவூதியில் இருந்தார். அந்த வீட்டின் ஒவ்வொரு கல்லும் அவர் அனுப்பிய காசு.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து வாழ்வார். அதனால் பெண்ணைப் பேசுவதற்கு முன் வீட்டைப் பார்ப்பார்கள். ராத்தாவுக்கு இருபத்தெட்டு வயது. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் கட்டிய இந்த வீட்டில் சுவர், கூரை, ஜன்னல் எல்லாம் சரி. கிணறு மட்டும் உப்பு.

அதை உப்பாக்கியவன் நான்.

அந்த வருடம் மாரி பொய்த்தது. ஐந்து சிமெந்து வளையம் இறக்கிய கிணற்றில் வாளி மணலைத் தட்டியது. எங்கள் குடும்பத்தில் உயர்தர வகுப்பு வரை படித்தவன் நான் ஒருவன்தான், அதிலும் விஞ்ஞானம். கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரலை வைக்கும் வாப்பா என்னிடம் கேட்டார். ஆழம் கூடினால் தண்ணீர் கூடும், இன்னும் மூன்று வளையம் இறக்குவோம் என்றேன்.

உம்மா மட்டும் சொன்னா: "மனே, கடற்கரையில பூவல் தோண்டுறவங்க முழங்காலோட நிப்பாட்டுறாங்க. அதுக்குக் கீழ போனா உப்பு."

"அது குழி உம்மா. இது கிணறு."

எட்டாவது வளையம் இறங்கியதும் தண்ணீர் நெஞ்சளவுக்கு ஏறியது. நான்கு நாள் ஊரே வந்து பார்த்தது. ஐந்தாம் நாள் சோற்றின் ருசி மாறியது. பிறகுதான் நூலகத்தில் தேடிப் படித்தேன்: கடலோரத்து மண்ணுக்குள் நல்ல தண்ணீர் பாலாடை போல ஒரு மெல்லிய படையாக உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. அந்தப் படையைத் துளைத்துக்கொண்டு நான் கீழே போயிருக்கிறேன்.

அதே நூலகத்தில் ஒரு பழைய விஞ்ஞான சஞ்சிகையில் ஒரு படத்தைக் கண்டேன். மழையில்லாத ஒரு நாட்டின் கடற்கரையில் அணு உலை. அதன் வெப்பத்தில் மின்சாரம் எடுத்து, மிச்ச வெப்பத்தில் கடல் நீரை ஆவியாக்கி, ஆவியைக் குளிரவைத்துக் குழாயில் விடுகிறார்கள். நம்ப முடியாத விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. காக்கா வேலை செய்ததே கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் இடத்தில்தான். குழாய்க்குள் படிந்த உப்பைச் சுரண்டும் வேலை. எழுதத் தெரியாததால் கசெற்றில் பேசி அனுப்புவார். "இஞ்ச நாங்க கடலத்தான் குடிக்கிறம்" என்று ஒரு கசெற்றில் சிரித்தார். அங்கே எரிப்பதற்கு எண்ணெய் இருந்தது. நமக்கு?

ஒரு நாள் நானே கடல் தண்ணீரைப் பானையில் கொதிக்கவைத்து, மூடியைக் கவிழ்த்து, ஆவியை வடித்துப் பார்த்தேன். ஒரு சாக்குத் தேங்காய்மட்டை எரிந்து முடிந்தபோது ஒன்றரைக் குவளை தண்ணீர் கிடைத்தது. உப்பு துளியும் இல்லை. ஆனால் அந்த மட்டையில் உம்மா ஒரு கிழமை முழுக்கச் சமைத்திருப்பா. நெருப்புத்தான் விஷயம், தண்ணீரல்ல என்று அன்று விளங்கியது. அணுவின் மேல் எனக்கு ஆசை கூடியதும் அன்றுதான்.

வீடு பார்க்க வந்தவர்களுக்கு உம்மா பக்கத்து வளவுக் கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணி ஊற்றியிருந்தா. மாப்பிள்ளையின் தகப்பன் இரண்டாவது கோப்பையும் வாங்கிக் குடித்தார். அப்போது பள்ளிவாசலில் பாங்கு சொன்னது. அவர் எழும்பி, தொழுகைக்கு முன் முகம் கை கால் கழுவும் வுழூ எடுக்கக் கிணற்றடிக்குப் போனார். தேத்தண்ணியை யோசித்த நாங்கள் யாரும் இதை யோசிக்கவில்லை. வுழூவுக்கு மூன்று தடவை வாய் கொப்பளிக்க வேண்டும். அவர் முதல் தடவை கொப்பளித்ததும் கையிலிருந்த தண்ணீரைப் பார்த்தார். மிச்ச இரண்டையும் முடித்தார். தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் கேட்டார்.

"தேத்தண்ணி எந்தக் கிணத்துத் தண்ணி?"

"கோடையெண்டா எல்லாக் கிணறும் கொஞ்சம்..." என்று மாமா இழுத்தார்.

"பக்கத்து வளவுத் தண்ணி" என்றேன். "எங்கட கிணறு உப்பு. நான் சொல்லித்தான் ஆழமாக்கின."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். உலை, ஆவி, குழாய், இன்னும் கொஞ்சக் காலத்தில் நம் கரையிலும் வரும் என்பது வரை போய்விட்டேன்.

மருமகன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அது வருமட்டும் எங்கட மாப்பிள தயிர்லயா வுழூ எடுக்கிற?"

எல்லோரும் சிரித்தார்கள். திரைக்குப் பின்னாலும் ஒரு சிரிப்பு, அது ராத்தாவுடையது.

தகப்பன் சிரிக்கவில்லை. "தம்பி, அந்த மெசின் ஒரு வீட்டுக்குத் தண்ணி தருமா, ஊருக்கா?"

"ஒரு பட்டணத்துக்கே தரும்."

"அப்ப அதக் கவுண்மேந்துட்டக் கேளுங்க. வயலுக்க யானை நிக்கக்குள்ள, மந்திரி வருவார் எண்டு சொல்லுற மாதிரி இரிக்கி உங்கட கதை." வாப்பாவின் பக்கம் திரும்பினார். "பெருநாள் கழிச்சு வாறம். அப்பவும் உங்கட கிணத்திலதான் வுழூ எடுப்பம்."

அவர்கள் போன பிறகு ராத்தா கோப்பைகளை எடுக்க வந்தா. "உண்ட அணுவ நான் குறை சொல்லல்ல. அது வரக்குள்ள எண்ட பிள்ளையள் குடிக்கட்டும். எனக்கு இப்ப ஒரு வாளி நல்ல தண்ணி வேணும்."

அடுத்த நாள் உம்மா மண்வெட்டியோடு இறங்கினா. கடலுக்கு எதிர்ப்புறமாக, மேற்கு வேலியோரம் முழங்கால் ஆழத்துக்குப் பூவல் பூவலாகத் தோண்டி, ஊறிய தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தா. எல்லாவற்றிலும் லேசான உப்பு. பக்கத்து வளவுக்காரரிடம் கேட்டு வேலிக்கு அந்தப் பக்கம் தோண்டியதில்தான் இனித்தது. அந்தத் துண்டு நிலத்தை விலைக்குக் கேட்டோம். அவர் தந்தார், ஆனால் சும்மா தரவில்லை.

அகலமான வளையங்களாக வாங்கி இறக்கினோம். கூலிக்காரரோடு நானும் நின்று வெட்டினேன். மூன்றாவது வளையம் இறங்கியதும் உம்மா குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்து, "போதும்" என்றா. நான் மண்வெட்டியை மேலே எறிந்துவிட்டு ஏறினேன். அள்ளிய மணலையெல்லாம் பழைய கிணற்றுக்குள் கொட்டினோம். எட்டு வளையமும் இன்றும் அங்கேதான் புதைந்து கிடக்கின்றன.

அந்தப் படத்தை நான் பொய்யென்று இன்றும் நினைக்கவில்லை. அதைப் பார்த்து வரைந்த கொப்பி என்னிடம் இருக்கிறது. ஊர் பெருத்துக்கொண்டு போகிறது, கிணறுகள் மேற்கே நகர்ந்துகொண்டு போகின்றன. நகர இடமில்லாத ஒரு நாளில் கடலைத்தான் கேட்க வேண்டி வரும். ஆனால் அந்தப் படத்தில் உலை இருந்தது, குழாய் இருந்தது. அதற்கு யார் கொடுப்பது என்பது இல்லை. அதை நான் தேடவுமில்லை.

எங்கள் கிணற்றுக்குக் காக்கா கொடுத்தார். கசெற்றில் அவர் குரல் வழக்கம்போலத்தான் இருந்தது: "லீவுக்கு வாறத்துக்கு வெச்சிருந்த காச அனுப்பியிரிக்கன். நான் இன்னொரு வருசம் கடலக் குடிச்சிக்கிட்டு இரிக்கன். நீங்க கிணத்தப் பாருங்க."

பெருநாள் கழித்து அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் முன்னறைக்கு வராமல் நேரே கிணற்றடிக்குப் போனார். இரண்டு தடவை கொப்பளித்துத் துப்பினார். மூன்றாவதை விழுங்கினார்.

காக்கா கொடுத்த கணக்கு இது: நிலத்துக்கு ஆறாயிரத்து ஐந்நூறு, வளையத்துக்கும் கூலிக்கும் மூவாயிரத்து எழுநூறு. எல்லாமாகப் பத்தாயிரத்து இருநூறு ரூபாய்.